சாட்சித் திட்டு

கண்மாய் எனக்குத் தர வேண்டிய கூலி பாக்கி அறுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய். தினமும் காலை ஏழு மணிக்கு மடை மேலிருந்த பெட்டி அதை ஊர் கேட்கச் சொல்லும். அறுபத்து நாலு பேரின் பெயரையும் பாக்கியையும் வாசித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆகும். கடன் பட்டவர் தன் கடனைத் தினம் வெளியில் சொல்ல வேண்டும் என்பது சட்டமாம். மனிதர் யாரும் அந்தச் சட்டத்தை மதித்து நான் பார்த்ததில்லை. கண்மாய் மதித்தது.

கண்மாய் எப்படிக் கடன் படும் என்று கேட்பீர்கள். நீர்நிலைகள் ஒவ்வொன்றாகப் பட்டா நிலமாக மாறிக்கொண்டு வந்த காலத்தில், மிச்சமிருந்த கண்மாய்களையும் குளங்களையும் சட்டம் ஆட்களாக்கிவிட்டது. சொத்து வைத்துக்கொள்ளலாம், வழக்குப் போடலாம், வேலைக்கு ஆள் வைக்கலாம். ஆள் என்றால் மூளை வேண்டுமே. அதற்குத்தான் பெட்டி. கரை நெடுகவும் தண்ணீருக்குள்ளும் புதைத்த கம்பிகள் அதற்குக் கண்ணும் காதும். முன்பு மடை திறந்து வயலுக்கு வயல் நீரைப் பிரித்துவிடும் மனிதரை எங்கள் பக்கத்தில் நீர்க்கட்டி என்போம். பெட்டிக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற தமிழில் பேசும்.

நீர்க்கட்டிக்கு ஒரே ஒரு விதிதான் அடி விதி. நீரில் ஒரு பங்கு இன்று இருப்பவர்களுக்கு. இரண்டு பங்கு இன்னும் பிறக்காதவர்களுக்கு.

பாட்டில் கம்பெனிக்காரர்கள் தினம் நாற்பது லாரி தண்ணீர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு வருடம் மழை பொய்த்ததும் நீர்க்கட்டி விற்பனையை நிறுத்திவிட்டது. மிச்சம் கிடப்பது பிறக்காதவர்களின் பங்கு என்றது. தரை தெரிந்ததும் தூர் வார எங்களைக் கூப்பிட்டது. மீன் குத்தகையில் கூலியைத் தந்துவிடலாம் என்பது அதன் கணக்கு. மறு வருடமும் மழை இல்லை. நீர் இல்லாமல் மீன் ஏது, மீன் இல்லாமல் கூலி ஏது.

இதில் எங்கள் மடத்தனத்தையும் சொல்ல வேண்டும்.

மண் வெட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவரவர் குழியின் நடுவில் ஒரு திட்டை வெட்டாமல் பழைய தரை மட்டத்திலேயே விட்டுவைப்போம். சுற்றிலும் ஏழடி இறங்கியிருக்கும். அது மட்டும் நிற்கும். எவ்வளவு ஆழம் வெட்டினோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அளந்து கூலியைக் கையில் வாங்கிய பிறகுதான் அதை இடிப்போம். கூலி வாங்காமல் திட்டை இடித்தால், எனக்கு வர வேண்டியது ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்ததற்குச் சமம்.

ஒப்பந்தம் போட்ட அன்று நீர்க்கட்டி சொன்னது: "திட்டு தேவையில்லை. வானத்திலிருந்து அளந்துகொள்வேன். ஒரு விரல் கூடப் பிசகாது."

எங்கள் வேலைக் கொத்துக்குத் தலைவர் செவத்தியான் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். "மேல இருந்து அளந்தவன் எவன்யா எங்களுக்கு ஒழுங்காக் கூலி குடுத்தான்? திட்டு நிக்கிற வரைக்கும் பாக்கி நிக்கும். திட்டு போனா பாக்கி போச்சு. இப்படியே எழுது. இல்லைன்னா மம்பட்டியத் தூக்க மாட்டோம்."

"அப்படியே எழுதலாமா? யோசித்துச் சொல்லுங்கள்" என்றது பெட்டி. அறுபத்து நாலு பேரும் ஒரே குரலில், "எழுது" என்றோம். பதினோராவது விதியாக எழுதியது. நான் என் பெயரைக் கையெழுத்தாகவே போட்டேன். நாற்பத்தாறு வயதில் படித்த எழுத்து. அதற்கு முன்பெல்லாம் பெருவிரலில் மைதான்.

எப்போதும் கோடையில் வெட்டுவோம். ஒரு வாரத்தில் அளந்து காசு வந்துவிடும். கூலி பாக்கி மழைக்காலம் வரைக்கும் இழுக்கும் என்று எவருக்கும் தோன்றவில்லை. கண்மாய்க்குள் தண்ணீர் வரும் என்பதை, கண்மாய் வெட்டப் போன நாங்கள் மறந்துவிட்டோம்.

பதினைந்து மாதம் திட்டுகள் நின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் காய்ந்த கண்மாய்க்குள் அறுபத்து நாலு மாடு படுத்திருப்பதுபோல இருக்கும். என் திட்டு மட்டும் எருமை. ஒரு காலத்தில் ஒரு காண்ட்ராக்டர், திட்டு மெலிந்து சாய்ந்துவிட்டது என்று சொல்லி என் கூலியில் பாதியை அமுக்கினான். அன்றிலிருந்து நான் அகலமாகத்தான் விடுவேன், கோரைப் புல் வேரோடிய இடமாகப் பார்த்து. மேலே ஒரு கல்லை வைத்துத் தாரில் என் பெயரை எழுதியிருந்தேன். 'ர்' மட்டும் கொஞ்சம் கோணல்.

ஐப்பசி பிறந்ததும் சபரிநாதன் வந்தான். கம்பெனியின் ஆள். மரியாதையான பையன்தான், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவான். அதனால்தான் பலர் ஏமாந்தார்கள்.

"அக்கா, கண்மாய் திவால். அது உங்களுக்கு இந்த ஜென்மத்துல காசு தராது. உங்க பாக்கிய எங்ககிட்ட வித்துருங்க. ரூவாய்க்கு அறுபது பைசா, கையில ரொக்கம்."

"எங்க பாக்கிய வாங்கி நீங்க என்ன தம்பி செய்வீக?"

"கடன் குடுத்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேட்டா கோர்ட்டு சொத்த ஏலம் விடும்க்கா."

"கண்மாய்க்கு ஏது சொத்து?"

அவன் காலால் தரையைத் தட்டினான். "முந்நூறு ஏக்கர் தரை. அதுக்கு அடியில தண்ணி."

செவத்தியான் அண்ணன் உட்பட நாற்பத்தேழு பேர் விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மருந்துச் சீட்டும் அடகுச் சீட்டும் இல்லாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. கம்பெனிக்கு இன்னும் ஒரே ஒரு கையெழுத்துதான் வேண்டும். அதற்கு என்னைத் தேடி வந்தான். என் வீட்டு நிலவரம் தெரிந்து வந்தான்.

என் மகள் யாழினி நர்ஸ் படிப்பை முடித்திருந்தாள். கடைசி வருடப் பீஸ் அறுபத்திரண்டாயிரம் கட்டாததால் காலேஜில் சர்ட்டிபிகேட்டைக் கொடுக்கவில்லை. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை தயார். இருபதாம் தேதிக்குள் ஒரிஜினலைக் காட்ட வேண்டும். அன்று பதினாலு.

"உங்களுக்கு மட்டும் முழுசாத் தர்றோம்க்கா" என்றான். "அறுபத்தெட்டாயிரத்து நானூத்திப் பதினேழு. பைசா கொறையாது."

யாழினி என்னைப் பார்த்தாள். நான் காகிதத்தைப் பார்த்தேன். ஏழு பக்கம்.

"நாளைக்கு வா தம்பி. படிச்சுட்டுச் சொல்றேன்."

"நான் படிச்சுக் காட்டவா?"

"எனக்கே தெரியும்."

அவன் போன பிறகு யாழினி கத்தினாள். "இதுல படிக்க என்னம்மா இருக்கு? ஒன்னோட காசு. நீ வெட்டுன மண்ணு. அதை வாங்குறதுக்கு எதுக்கு ரோசனை? கண்மாய்க்கு நீ மகளா, இல்ல ஒனக்கு நான் மகளா?"

எழுத்துக்கூட்டி ஏழு பக்கத்தையும் படித்தேன். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரி: 'மூல ஒப்பந்தத்தின் விதிகள் அனைத்தும் வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்.' இரண்டு தரம் படித்தேன். ஆனாலும் மறுநாள் கையெழுத்துப் போட்டுவிடுவது என்றுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. பேனாவைக்கூட எடுத்து வைத்திருந்தேன்.

விடிந்ததும் தண்ணீர் வந்துவிட்டது.

மேற்கே எங்கோ பெய்து, ஆற்றில் புரண்டு, வரத்துக்காலில் நுரையும் சருகுமாக இறங்கி, கண்மாயின் தலைவாய் ஷட்டரில் வந்து முட்டி நின்றது. இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிற தண்ணீர். ஊரே ஓடியது. ஷட்டர் மூடியிருந்தது. நீர் இடப்பக்கம் திரும்பி, கடலுக்குப் போகிற ஓடையில் விழுந்துகொண்டிருந்தது.

"ஏன் தொறக்கல? மோட்டார் போச்சா?" என்று ஷட்டர் கம்பத்திலிருந்த நீர்க்கட்டியின் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கேட்டேன்.

"மோட்டார் நன்றாக இருக்கிறது. நான் திறக்கக் கூடாது" என்றது. "நீர் வந்தால் திட்டுகள் கரையும். பதினோராம் விதிப்படி கடனும் கரையும். கடன் பட்டவர் தன் கடனை அழிக்கும் காரியம் எதையும் செய்யக் கூடாது. செய்யும்படி யாரையும் கேட்கவும் கூடாது."

அதுவரை அந்த விதி யாருக்கும் நினைவில் இல்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம்.

"எத்தனை நாளைக்கு வரும் இந்தத் தண்ணி?" என்று கேட்டேன்.

"இரண்டு நாள். இந்த வருடம் இதற்கு மேல் வருமா என்பதற்கு என்னிடம் உறுதி இல்லை."

"கடன் குடுத்தவுக தொறந்தா?"

பெட்டி பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. அதற்கு யோசிக்க நேரம் தேவையில்லை என்பார்கள். ஆனாலும் எடுத்தது.

"அதைத் தடுக்கும் விதி என்னிடம் இல்லை."

அதற்குள் சபரிநாதனின் கார் வந்துவிட்டது. அன்றுதான் முதல் தடவையாகச் செருப்போடு ஓடி வந்தான். "யாரும் சக்கரத்துல கை வைக்காதீங்க! திட்டு எல்லாம் கம்பெனியோட சொத்து! நாற்பத்தேழு திட்டு!"

"பதினேழு எங்களது" என்றேன்.

செவத்தியான் அண்ணன் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். "தாயி, நான் வித்துத் தின்னவன். எனக்கு இதுல போறதுக்கு ஒண்ணுமில்ல. தொறந்தா நட்டம் ஒங்க பதினேழு பேருக்குத்தான். விக்காம வச்சிருந்தவுகளுக்கு மொத்தமும் போயிரும். நாயமே இல்ல."

"நாயம் இல்லதான்."

"அப்ப என்ன சொல்லுற?"

நான் மற்ற பதினாறு பேரையும் பார்த்தேன். பஞ்சாயத்துப் பேசவெல்லாம் நேரம் இல்லை. பேசப் பேசத் தண்ணீர் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. மூக்காயி மதினி முந்தானையை இடுப்பில் செருகினாள். "நான் எண்பது நாளு வெட்டுனது எதுக்குடி? கடல்ல ஊத்தவா?" அவ்வளவுதான் எங்கள் பஞ்சாயத்து. பதினாறு பேரும் தலையை ஆட்டினார்கள். ஒருவர் அழுதுகொண்டே ஆட்டினார்.

யாழினி கரையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் பக்கம் திரும்பினால் கை வராது என்று தெரியும். திரும்பவில்லை. சக்கரத்தைப் பிடித்தேன். துருப் பிடித்து இறுகிக் கிடந்தது. செவத்தியான் அண்ணனும் மறுபக்கம் பிடித்தார்.

"நீங்க விடுங்கண்ணே, கேஸ் போடுவாங்க. நாங்கதான் கடன் குடுத்தவுக."

"போடட்டும். ஏங்கிட்ட இருந்து எதை ஏலம் விடுவான்? இந்தத் துண்டையா?"

ஷட்டர் ஒரு முழம் எழும்பியது. அதற்குப் பிறகு தண்ணீரே வழி செய்துகொண்டது.

அடுத்த இரண்டு நாளும் கம்பெனி ஆட்கள் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு திட்டு திட்டாகத் தார்ப்பாய் சுற்றினார்கள். மணல் மூட்டை அடுக்கினார்கள். கண்மாய்க்குள் மண் நனையாமல் காப்பாற்றப் பார்த்தார்கள்! கரையில் நின்று சிரிக்காதவர் இல்லை. "அய்யா, குடை இருக்கு, வேணுமா?" என்று மூக்காயி மதினி கேட்டாள். திட்டுகள் ஒவ்வொன்றாக இளகி, இடுப்பு ஒடிந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்று போகும்போதும் நீர்க்கட்டி ஒரு பெயரைச் சொல்லும். "செவத்தியான் கணக்கு, நிலுவை இல்லை. மூக்காயி கணக்கு, நிலுவை இல்லை." மதினி சிரிப்பதை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள். அவள் பாக்கி எழுபத்தோராயிரம்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, பத்து நிமிடம் ஆகும் வாசிப்பு ஒரே மூச்சில் முடிந்தது.

"மொத்தக் கடன் அறுபத்தெட்டாயிரத்து நானூற்றுப் பதினேழு ரூபாய். கடன் கொடுத்தவர் ஒருவர். பஞ்சவர்ணம்."

ஓடிப் போய்ப் பார்த்தேன். தகதகவென்று விரிந்து கிடந்த தண்ணீருக்கு நடுவில் என் எருமை மட்டும் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது. கோரை வேர் மண்ணைக் கவ்விப் பிடித்திருந்தது. மேலே கல். கல்லில் என் பெயர். வாழ்க்கையில் முதல் தடவையாக என் வேலை நன்றாக இருந்ததற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன்.

எட்டு மணிக்கு சபரிநாதன் வீட்டு வாசலில் நின்றான். கண் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றினான்.

"அக்கா, இப்ப நீங்க ஒருத்தர்தான். முக்கால்வாசி இல்ல, முழுசும் நீங்கதான். உங்க ஒரு கையெழுத்து போதும்." காகிதத்தை நீட்டினான். "எட்டு லட்சம்."

அடுப்படியிலிருந்து யாழினி வெளியே வந்தாள். மூன்று நாளாக என்னோடு பேசாதவள்.

நான் காகிதத்தை வாங்கி உட்கார்ந்து படிக்கத் தொடங்கினேன். இந்தத் தடவை இரண்டே பக்கம். என் வேகத்துக்கு அதுவே அரை மணி நேரம். அவன் நின்று பார்த்தான், கடிகாரத்தைப் பார்த்தான். "நான் வேணா சுருக்கமாச் சொல்லிடட்டாக்கா?" என்று குனிந்தான்.

"சும்மா இருங்க. எங்கம்மா படிச்சுக்கிட்டு இருக்கு" என்றாள் யாழினி.

படித்து முடித்தேன். எட்டு லட்சம் என்று எழுத்தாலும் எழுதியிருந்தது, எண்ணாலும் எழுதியிருந்தது. கண்மாயின் பெயரும் இருந்தது, எல்லைகளோடு. வடக்கே, தெற்கே, கிழக்கே, மேற்கே. பிறக்காதவர்களின் பெயர் எங்கேயும் இல்லை. இருக்காது. அவர்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எழுத்துத் தெரியாதவர்களின் பங்கை எப்படி எழுதி வாங்குவார்கள் என்று எனக்குத் தெரியும். என் பெருவிரலுக்குத் தெரியும்.

காகிதத்தை மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தேன். மூலையில் கிடந்த மம்பட்டியை எடுத்தேன்.

"அக்கா, பத்து! பத்து லட்சம் தரச் சொல்றேன், ஒரு போன் பண்ணிக்கிறேன்—"

"பண்ணு தம்பி. டவர் கரையிலதான் கிடைக்கும், வா போவோம்."

கரையிலிருந்து இறங்கி நடந்தேன். முழங்கால், இடுப்பு, மார்பு. ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு நீச்சல் அவ்வளவாக வராது. மூழ்கிப்போன வரப்பு எங்கே ஓடுகிறது என்று என் காலுக்குத் தெரியும். மண் சுமந்து நடக்க, திட்டை விடத் தாழ்வாக நான் விட்டுவைத்த வரப்பு. திட்டைப் பிடித்து ஏறி நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நாலு பக்கமும் தண்ணீர்தான்.

முதல் வெட்டு கோரை வேரில் விழுந்து எகிறியது. மம்பட்டியைத் திருப்பிப் பிடித்து ஓரத்திலிருந்து பெயர்த்தேன். அறுபத்திரண்டாயிரத்தை நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன். இருபதாம் தேதியை நினைத்தேன். அந்தக் கோபமும் மம்பட்டியில்தான் இறங்கியது. கல்லைத் தூக்கி எறிந்தேன். நடுவில் போட்ட வெட்டில் திட்டு இரண்டாகப் பிளந்து, என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சரிந்தது.

உள்ளே போனேன். கால் தரையைத் தேடியது. இல்லை. ஏழடி, நானே வெட்டியது. அது நிறையத் தண்ணீர், என் தலைக்கு மேல். என் வேலையை முதல் தடவையாக உடம்பால் அளந்தேன்.

மேலே இழுத்தது யாழினியின் கை. நர்ஸ் பிடிக்கிற பிடி, அக்குளுக்கு அடியில். வரப்புக்குக் கொண்டுவந்து நிறுத்தினாள். இருமி இருமித் தண்ணீரைத் துப்பினேன்.

"அந்த ஆஸ்பத்திரியிலயே ஹெல்பர் வேலைக்குக் கேட்டுட்டேன். பாதிச் சம்பளம்" என்றாள். "கோவம் போகல எனக்கு. சொல்லிட்டேன்."

"போக வேணாம். வச்சுக்க."

கரையில் சபரிநாதன் போனைக் காதில் வைத்தபடி நின்றிருந்தான். மடைப் பக்கமிருந்து நீர்க்கட்டியின் குரல் கேட்டது. செய்தி வாசிக்கிற அதே தமிழ். ஏழு மணி வாசிப்பு முடிந்து வெகு நேரம் ஆகியிருந்தும் அது தானாக வாசித்தது.

"பஞ்சவர்ணம் கணக்கு, நிலுவை இல்லை. கண்மாய்க்குக் கடன் கொடுத்தவர் எவருமில்லை."

பிறகு, எந்தச் சட்டமும் கேட்காத ஒரு வரியையும் சேர்த்துச் சொன்னது.

"பிறக்காதவர்களின் இரண்டு பங்கு, இருப்பில் உள்ளது."